நம்ம கோயமுத்தூருக்கு ஒரு சர்வதேச கால்பந்துப் போட்டி வர என்ன வேண்டும்? மனுவில் எதைக் கேட்பது?

பெருமாநல்லூர் மாஸ்டர்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. திருப்பூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். மொத்தம் 22 பேர். முக்கால்வாசிப் பேர் வீட்டில் அப்பாவோ அம்மாவோ பனியன் கம்பெனிக்குத்தான் போகிறார்கள், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங் என்று ஆளுக்கொரு வேலை. போன வாரம் பயிற்சி முடிந்து பந்துகளை வலைப்பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது எட்டாவது படிக்கிற ஒரு பிள்ளை கேட்டாள், "ஏனுங் சார், எங்கம்மா தைக்கிற ஜெர்சியப் போட்டுட்டு வெளையாடறவங்க நம்மூருக்கு வந்து வெளையாடவே மாட்டாங்களா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்று ராத்திரி முழுக்க அதே நினைப்பு.

2017-ல் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவுக்கு வந்தபோது டெல்லி, கொல்கத்தா, நவி மும்பை, கொச்சி, குவாஹாட்டி, கோவாவின் மட்காவ் என்று ஆறு ஊர்கள். 2022-ல் பெண்களுக்கான அதே வயதுப் போட்டி வந்தபோது புவனேஸ்வர், மட்காவ், நவி மும்பை. இரண்டு தடவையும் தமிழ்நாட்டில் ஓர் ஊர்கூட இல்லை. ஆனால் 2025 கடைசியில் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை சென்னையோடு சேர்த்து மதுரைக்கும் வந்தது. மதுரைக்கு வர முடிந்தால் கோயமுத்தூருக்கு ஏன் வராது?

நாங்கள் நாலைந்து பயிற்சியாளர்கள் சேர்ந்து ஒரு மனு எழுதலாம் என்று இருக்கிறோம். முதல் வரியே "கொங்கு மண்டலத்தில் சர்வதேசத் தரத்தில் 50,000 பேர் உட்காரும் கால்பந்து ஸ்டேடியம் வேண்டும்" என்று எழுதி வைத்திருக்கிறோம். இது சரியான கோரிக்கைதானா, ஊர்களை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம் கோயமுத்தூரில் நேரு ஸ்டேடியம் இருக்கும்போது புதிதாக ஒன்று வேண்டுமா என்றும் சொல்லுங்கள்.


வாளையார் தாண்டி:

மாஸ்டருங்க, அந்த 2017 போட்டியை நான் கொச்சியில் நேரில் பார்த்தவன். அக்டோபர் 7, சனிக்கிழமை, பிரேசிலும் ஸ்பெயினும். நாங்கள் அஞ்சு பேர் உக்கடத்திலிருந்து காரில் கிளம்பினோம். அப்போது குதிரான் சுரங்கப்பாதை திறக்கவில்லை, மலை ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் லாரி, ஒரே இடத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் உள்ளே போனோம். பிரேசில் 2-1. அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அதனால் ஸ்டேடியத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உள்ளே உட்கார்ந்ததும் முதலில் கண்ணில் பட்டது மேல் கேலரி. காலியாக இருந்தது. வெளியே டிக்கெட் கிடைக்காமல் ஆட்கள் நிற்கிறார்கள், உள்ளே ஒரு கேலரி முழுக்கக் காலி, எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, பாதுகாப்புக் காரணத்துக்காக அந்தப் போட்டிக்கு 29,000 பேருக்கு மேல் விடக்கூடாது என்று குறைத்துவிட்டார்கள். ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஆட்டத்துக்கு அதைவிட எவ்வளவோ கூட்டம் வந்த ஸ்டேடியம் அது.

ஒரு ஸ்டேடியத்தில் எத்தனை நாற்காலி இருக்கிறது என்பதைவிட, ஏதாவது ஆனால் எத்தனை பேர் எவ்வளவு சீக்கிரம் வெளியே வர முடியும் என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பிரிட்டனில் கடைப்பிடிக்கிற வழிகாட்டியில் சமதரையில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஆபத்தென்றால் எட்டு நிமிடத்துக்குள் எல்லாரும் வெளியே வந்தாக வேண்டும். எட்டு நிமிடத்தில் ஒரு மீட்டருக்கு 656 பேர். 30,000 பேர் வெளியே வர 46 மீட்டர் அகலத்துக்கு வழி திறந்திருக்க வேண்டும், அதாவது இரண்டு மீட்டர் கேட் என்றால் 23 கேட், அத்தனையும் பூட்டில்லாமல், முன்னால் வண்டி நிற்காமல். நேரு ஸ்டேடியத்தில் 30,000 பேர் உட்காரலாம் என்று சொல்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு சுற்றி ஒரு நடை நடந்து கேட்டுகளை அளந்து பாருங்கள், நம்ம ஸ்டேடியத்தின் உண்மையான கணக்கு அதில்தான் இருக்கிறது.

இன்னொன்று, கடைகள். கொச்சி ஸ்டேடியத்தின் கேலரிக்கு அடியிலேயே கடைகள் உண்டு. போட்டி முடியும்வரை காலி செய்யச் சொன்னதில் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. நேரு ஸ்டேடியத்தைச் சுற்றியும் கடைகள் இருக்கின்றன, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, இந்தப் பேச்சை முன்கூட்டியே உட்கார்ந்து பேசி முடிக்காத ஊரை யாரும் சீந்த மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. கொச்சியில் ஸ்டேடியம் ஒன்றுதான், ஆனால் அதற்காகத் தயார் செய்த பயிற்சி மைதானங்கள் நாலு. மகாராஜாஸ் கல்லூரி, பனம்பிள்ளி நகர், ஃபோர்ட் கொச்சியில் வெளி மைதானம், பரேடு மைதானம். போட்டி முடிந்து அணிகள் போன பிறகு அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது அந்த நாலு மைதானம்தான். உங்கள் மனுவில் முதல் வரியை மாற்றுங்கள் என்பேன்.


ஈரோடு ஜங்ஷன்:

வாளையார்க்காரர் சொன்னதெல்லாம் சரி, ஆனால் எல்லாரும் கோயமுத்தூர் கோயமுத்தூர் என்றே பேசுகிறீர்கள், கொங்கு என்றால் கோயமுத்தூர் மட்டுமா? எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை. 2024 யூரோ கோப்பை ஜெர்மனியில் நடந்தபோது மொத்தம் 10 ஸ்டேடியங்கள், அதில் டோர்ட்முண்ட், கெல்சன்கிர்ஷன், டுசல்டார்ஃப், கொலோன் நாலும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டருக்குள் அடக்கம், மொத்த 51 ஆட்டங்களில் 20 அந்த நாலு ஊரிலேயே நடந்தது. அதில் டோர்ட்முண்டும் கெல்சன்கிர்ஷனும் நிலக்கரி வெட்டியும் இரும்பு உருக்கியும் பிழைத்த ஊர்கள். ஊருக்கு ஊர் ரயில், ராத்திரி ஆட்டம் பார்த்துவிட்டு ரயிலேறி அடுத்த ஊரில் போய்த் தூங்கலாம்.

இப்போது நம்ம தண்டவாளத்தைப் பாருங்கள். கோயமுத்தூர், அம்பது கிலோமீட்டரில் திருப்பூர், இன்னொரு அம்பதில் ஈரோடு, அங்கிருந்து அறுபதில் சேலம். ஒரே மெயின் லைன். வந்தே பாரத்தே நாலு ஊரிலும் நிற்கிறது. நாலும் உழைப்பால் வளர்ந்த ஊர்தான். ஒரு ஊரில் தங்குமிடம் போதவில்லை என்றால் பக்கத்து ஊரில் தங்கலாம். 2022-ல் பெண்கள் ஆசியக் கோப்பையை நவி மும்பை, மும்பை, புனே என்று பக்கத்துப் பக்கத்து ஊர்களை வைத்துத்தான் நடத்தினார்கள்.

ஒன்றை மட்டும் நானே சொல்லிவிடுகிறேன். அதே கெல்சன்கிர்ஷனில் இங்கிலாந்து - செர்பியா ஆட்டம் முடிந்த ராத்திரி டிராம் கிடைக்காமல் ஆயிரக்கணக்கானவர்கள் மணிக்கணக்கில் தவித்தார்கள். ஜெர்மனிக்கே அந்தக் கதி. நம்ம ஊரில் ராத்திரி பத்தரைக்கு ஆட்டம் விட்டால் ஈரோட்டுக்குத் திரும்ப வண்டி வேண்டும். மனுவில் ஸ்பெஷல் ரயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


காங்கேயம் கணக்குக்காரர்:

செலவைப் பற்றி யாருமே பேசவில்லையே. 2014-ல் பிரேசில் 12 ஊர்களில் உலகக் கோப்பையை நடத்தியது. அதில் ஒன்று அமேசான் காட்டுக்கு நடுவில் இருக்கிற மனௌஸ். 40,000 பேருக்கு மேல் உட்காரும் ஸ்டேடியம் கட்டினார்கள், அதில் நடந்த உலகக் கோப்பை ஆட்டங்கள் மொத்தம் நாலு. போட்டி முடிந்த பிறகு அதை நிரப்ப அந்த ஊரில் பெரிய கிளப்பே இல்லை, பராமரிப்புச் செலவு மட்டும் நின்றது.

வேண்டாம் என்று சொன்ன ஊர்களும் உண்டு. 2026 உலகக் கோப்பைக்கு சிகாகோ 2018-லேயே விலகிக்கொண்டது, வரிப்பணத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று ஃபிஃபா தெளிவாகச் சொல்லவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். 2030-க்குப் பட்டியலில் இருந்த ஸ்பெயினின் மலாகா 2025-ல் விலகியது, ஸ்டேடியத்தை இடித்துக் கட்டும் காலத்தில் ஊர்க் கிளப் எங்கே போய் ஆடுவது என்று யோசித்தார்கள். சொந்த ஊர் அணியை முதலில் நினைத்தார்கள் பாருங்கள், எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

50,000 பேர் ஸ்டேடியம் என்று எழுதாதீர்கள் மாஸ்டர். தயவுசெய்து. நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பாதிக்குக் கோல் போஸ்ட் கிடையாது.


பீளமேடு 2019:

கோயமுத்தூரில் கூட்டம் வருமா என்று யாராவது கேட்டால் 2019 மார்ச் 9-ஐச் சொல்லுங்கள். சென்னை சிட்டி எஃப்.சி. நேரு ஸ்டேடியத்தைத்தான் சொந்த மைதானமாக வைத்து ஐ-லீக் என்ற தேசிய கிளப் போட்டியை ஆடியது. கடைசி நாள், மினர்வா பஞ்சாப் எதிரணி, ஜெயித்தால் கோப்பை, இல்லையென்றால் ஒரு புள்ளி பின்னால் நிற்கிற ஈஸ்ட் பெங்கால் தூக்கிக்கொண்டு போய்விடும். ஆட்டம் தொடங்கிய சூட்டிலேயே ஒரு கோல் வாங்கினோம். எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் தலைத்துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார், அதற்கப்புறம் பாதி ஆட்டம் வரைக்கும் அவர் அதை எடுக்கவே இல்லை. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டி, அப்புறம் கௌரவ் போரா இரண்டு கோல், 3-1. இந்தியாவின் ஐ-லீக் கோப்பையை நம்ம ஊர் மைதானத்தில் வைத்துத் தூக்கினார்கள். அந்தப் பெரியவர் யாரென்றே தெரியாது, என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மனு எழுதும்போது எந்தப் போட்டியைக் கேட்கிறீர்கள் என்று தெளிவாக இருங்கள். ஆண்கள் உலகக் கோப்பை நமக்கு எட்டாது. குழு ஆட்டத்துக்கே குறைந்தது 40,000 இருக்கை, இறுதி ஆட்டத்துக்கு 80,000 என்று ஃபிஃபா கேட்கிறது. 17 வயது உலகக் கோப்பையும் இப்போது கேட்க வழியில்லை. 2025 முதல் 2029 வரை வருஷா வருஷம் ஆண்கள் போட்டி கத்தாருக்கு, பெண்கள் போட்டி மொராக்கோவுக்கு என்று ஏற்கெனவே கொடுத்தாயிற்று. 2025-ல் கத்தாரில் நடந்ததைப் பார்த்தால் நமக்குப் பாடம் இருக்கிறது. 48 அணிகள், 104 ஆட்டங்கள். இறுதி ஆட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் ஆஸ்பயர் என்ற ஒரே வளாகத்தில், எட்டு மைதானங்களில் நடந்து முடிந்தது. இத்தனைக்கும் 2022 உலகக் கோப்பைக்குக் கட்டிய பெரிய ஸ்டேடியங்கள் அதே ஊரில் நிற்கின்றன.

நமக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது தகுதிச்சுற்று. 2025 நவம்பரில் 17 வயது ஆசியக் கோப்பைக்கான தகுதிச்சுற்றில் ஒரு குழு முழுக்க அகமதாபாத்தில் ஆடியது. இந்தியா, ஈரான், லெபனான், பாலஸ்தீனம், சீன தைபே. அஞ்சு அணி, ஒரே ஸ்டேடியம். கடைசி ஆட்டத்தில் ஈரானை 2-1 என்று ஜெயித்து நம்ம பையன்கள் ஆசியக் கோப்பைக்குப் போனார்கள். 2023 தெற்காசியக் கோப்பையில் எட்டு அணிகள், 15 ஆட்டங்கள், எல்லாமே பெங்களூரு கண்டீரவாவில். ஆகவே ஈரோட்டு அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது, நாலு ஊர் நாலு ஸ்டேடியம் என்பது பின்னாடி பார்க்க வேண்டிய விஷயம். முதலில் ஒரு ஊர், ஒரு ஸ்டேடியம், அஞ்சு நல்ல பயிற்சி மைதானம். இதைத் தர முடிந்தால் தகுதிச்சுற்றைக் கேட்கலாம்.


பொள்ளாச்சி புல்:

நான் மைதானத்துப் புல் வேலை செய்கிறவன், இருபது வருஷமாக இதே பிழைப்பு. மேலே எல்லாரும் ஸ்டேடியம், கேட், ரயில் என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் போட்டியை ஒரு ஊரிலிருந்து பிடுங்கி இன்னொரு ஊருக்குக் கொடுக்க வைப்பது புல்தான்.

2017-லேயே நடந்தது. அரையிறுதி, இங்கிலாந்து - பிரேசில், குவாஹாட்டியில் நடக்க வேண்டியது. அக்டோபர் 21 அன்று மாலியும் கானாவும் அங்கே கொட்டுகிற மழையில் கால் இறுதி ஆடினார்கள், மைதானம் சேறாகிவிட்டது. மழை விடவில்லை, புல் தேறவில்லை. அரையிறுதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆட்டத்தைக் கொல்கத்தாவுக்குத் தூக்கிவிட்டார்கள். டிக்கெட் வாங்கி வைத்திருந்த அந்த ஊர்க்காரர்கள் மனசு என்ன பாடு பட்டிருக்கும்? கொல்கத்தா சால்ட் லேக் அந்தப் போட்டிக்காகவே செயற்கைத் தரையைப் பெயர்த்துவிட்டு இயற்கைப் புல் போட்ட ஸ்டேடியம். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மெட்லைஃப் ஸ்டேடியத்தில்கூட 2026 உலகக் கோப்பைக்கு இயற்கைப் புல்தான் என்று ஃபிஃபா கறாராகச் சொல்லிவிட்டது.

பெர்முடா, பெர்முடா என்கிறார்களே, அது வேறொன்றும் இல்லை, நம்ம அருகம்புல். பிள்ளையாருக்கு வைக்கிறோமே, அதே சாதி. ஸ்டேடியத்துக்கு அதில் கலப்பு ரகங்களைப் போடுகிறார்கள், இலை இன்னும் மெலிசாக, நெருக்கமாக இருக்கும். நம்ம வெயிலுக்கு அது ராஜா மாதிரி வளரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற ஊர், ஈரம் தங்காது, புல்லில் நோய் கம்மி. புல்லுக்கு இவ்வளவு தோதான மண்டலம் தெற்கே வேறு இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன். ஆனால் இரண்டு சங்கடம்.

ஒன்று தண்ணீர். மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம், 7,140 சதுர மீட்டர். வெயில் நாளில் அஞ்சு மில்லிமீட்டர் உயரத்துக்கு விட்டாலும் 35,000 லிட்டருக்கு மேல், தினமும். மூன்று டேங்கர் லோடு. அதுவும் நம்ம பக்கம் போர் தண்ணீர் பாதி இடத்தில் சப்பைத் தண்ணி. ஒரு மாசம் விட்டுப் பாருங்கள், மண் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும், புல் நுனி கருகும். நான் ஒரு மைதானத்தில் (எங்கே என்று சொல்லவில்லை) மூணு மாசம் பட்ட பாட்டை அந்த உப்பு இருபது நாளில் தின்றுவிட்டது. காலையில் போய்க் குனிந்து பார்த்தால் பனி விழுந்த மாதிரி வெள்ளை, விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், கரித்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது வடிகால். நல்ல மைதானம் என்றால் புல்லுக்குக் கீழே ஒரு அடிக்கு மணல், அதற்குக் கீழே சல்லி, அதற்குள் ஓட்டை போட்ட குழாய் மீன்முள் மாதிரி ஓடும். மேலே பெய்கிற மழை கீழே இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். நாம் என்ன செய்கிறோம், செம்மண்ணைக் கொட்டி ரோலர் ஓட்டி இறுக்கிவிட்டு அதன் மேல் புல்லை ஒட்ட வைக்கிறோம். கோயமுத்தூருக்கு அதிக மழை ஐப்பசியில், அதாவது அக்டோபர், நவம்பர். அந்த மாசத்தில் போட்டி கேட்காதீர்கள். தை, மாசியில் கேளுங்கள், வானமும் ஒத்துழைக்கும்.

மாஸ்டர், உங்கள் மைதானத்தை நீங்களே சோதிக்கலாம், காசு செலவில்லை. நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் பத்து இடத்தில் கையால் அழுத்துங்கள், சுத்தியல் கூடாது. ஒரு சாண் இறங்கினால் வேர் போகும். கட்டை விரல் அளவில் நின்றுவிட்டால் அது மைதானம் இல்லை, ரோடு. அப்புறம் ஆறு அங்குல பி.வி.சி. குழாயில் ஒரு முழம் வெட்டி, மண்ணில் நாலு விரல் இறங்கும்படி தட்டி, தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். மனுவோடு அந்தக் கணக்கையும் வைத்தால் படிக்கிற அதிகாரி நிமிர்ந்து உட்காருவார். நம்ம வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்செடிகளுக்கும் புல்வெளிக்கும் தனித் துறையே இருக்கிறது, அவர்களையும் போய்ப் பாருங்கள்.


அந்தியூர் பத்தாம் நம்பர்:

அண்ணாமார்களே, நான் பத்து வருஷம் மாவட்ட அணிக்கு ஆடியவள். ஒரே ஒரு விஷயம் எழுதிவிட்டுப் போகிறேன். நீங்கள் யாரும் உடை மாற்றும் அறையைப் பற்றி எழுதவில்லை.

பெண்கள் போட்டியைக் கேட்பதாக இருந்தால் இரண்டு அணிக்கும் தனித்தனி அறை, பெண் நடுவர்களுக்குத் தனி அறை, உள்ளே தண்ணீர் வருகிற கழிப்பறை, தாழ்ப்பாள் உள்ள கதவு. நாங்கள் ஆடிய காலத்தில் சுவரோரம் நாலு பேர் துப்பட்டாவைப் பிடித்துக்கொள்ள நடுவில் ஒருத்தி ஜெர்சி மாற்றுவாள். ஒரு வெளியூர்ப் போட்டிக்குப் போனபோது கழிப்பறை பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இரண்டு ஆட்டம் ஆடினோம், இரண்டாவது ஆட்டத்தில் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஜெயிக்க வேண்டிய ஆட்டம் அது.

வெளிநாட்டிலிருந்து ஒறம்பரை (விருந்தாளிகள்) வருகிறார்கள் என்றால் எல்லாம் செய்துவிடுவார்கள், எனக்குத் தெரியும். நம்ம பிள்ளைகளுக்காக இன்றைக்கே செய்து வைத்தால் ஒறம்பரை வரும்போது தனியாகச் செய்ய வேண்டியதே இல்லை. மாஸ்டர், உங்கள் 22 பேரிடமும் கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள்.


ஈரோடு ஜங்ஷன்:

பீளமேட்டுத் தம்பி, கோபமெல்லாம் இல்லை. ஒரு ஸ்டேடியம் என்றால் கோயமுத்தூரே இருக்கட்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அஞ்சு பயிற்சி மைதானத்தையும் ஒரே ஊரில் வைக்க வேண்டாம். பெருந்துறைப் பக்கம் ஒன்று, திருப்பூரில் ஒன்று என்று பிரித்துப் போடுங்கள்.


பீளமேடு 2019:

அண்ணா, பயிற்சிக்கு அணிகளை ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வைத்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தங்கும் ஓட்டலிலிருந்து இருபது நிமிடம், மிஞ்சிப்போனால் அரை மணி. அவிநாசி ரோட்டில் சாயங்காலம் அரை மணியில் எவ்வளவு தூரம் போக முடியும் என்று உங்களுக்கே தெரியும். போட்டிக்கான அஞ்சு கோயமுத்தூரிலேயே இருக்கட்டும். போலீஸ் பயிற்சிப் பள்ளி மைதானம், வேளாண் பல்கலைக்கழகம், கல்லூரி மைதானங்கள் என்று இடத்துக்குப் பஞ்சமில்லை, புல்லும் வடிகாலும்தான் வேண்டும். ஆனால் போட்டிக்கு முன்னால் வாரக்கணக்கில் தங்கிப் பழகுகிற இந்திய அணி முகாமை ஈரோட்டுக்குக் கேட்கலாம். அது நல்ல யோசனை.


பெருமாநல்லூர் மாஸ்டர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இவ்வளவு பேர் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் பொள்ளாச்சி அண்ணா சொன்ன சோதனையைச் செய்தோம். பிள்ளைகளே செய்தார்கள், நான் நோட்டில் குறித்தேன். பத்து இடத்தில் ஏழு இடம் கட்டை விரல் அளவுக்குக்கூட இறங்கவில்லை. இரண்டு இடத்தில் பாதிச் சாண். ஒரே ஒரு இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி வரைக்கும் புசுக்கென்று உள்ளே போய்விட்டது, பிள்ளைகள் கைதட்டினார்கள். தோண்டிப் பார்த்தால் அது பந்தக்கால் குழி. போன மாசம் ஒரு விழாவுக்குப் பந்தல் போட்டவர்கள் காலைப் பிடுங்கிவிட்டு மண்ணைக் காலால் தள்ளி மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த மாதிரி குழி ஒன்றில்தான் எங்கள் கோல்கீப்பர் கால் மடங்கி மூன்று வாரம் கட்டுப் போட்டுக் கிடந்தாள். அன்றைக்கு அவளும் வந்திருந்தாள். மைதானம் முழுக்க வரிசையாக நடந்து தேடியதில் 31 குழி கிடைத்தது. ஒவ்வொன்றிலும் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைத்திருக்கிறோம்.

பி.வி.சி. குழாயில் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் நாலு மில்லிமீட்டர்தான் இறங்கியது. பொள்ளாச்சி அண்ணா, இது மணல் கலந்தால் தேறுமா, இல்லை முழுக்கப் பெயர்த்து எடுக்க வேண்டுமா? எங்கள் போர் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்து வைத்திருக்கிறேன், சோதனைக்கு எங்கே கொடுப்பது என்று சொல்லுங்கள்.

மனுவின் முதல் வரியை அடித்துவிட்டோம். இப்போது இப்படி இருக்கிறது: "கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் வடிகாலும் நல்ல தண்ணீரும் உள்ள கால்பந்து மைதானம் மாவட்டத்துக்கு இரண்டு வேண்டும், அவற்றில் பந்தல் போட அனுமதிக்கக் கூடாது." இரண்டாவது வரி உடை மாற்றும் அறையும் கழிப்பறைச் சாவியும். அந்தியூர் அக்கா சொன்னபடி பிள்ளைகளிடம் கேட்டு அவர்கள் சொன்னதையே எழுதியிருக்கிறோம், சாவியைப் பயிற்சியாளரிடமே கொடுத்து வைக்க வேண்டும் என்பது அவர்கள் போட்டது. மூன்றாவது வரியில்தான் நேரு ஸ்டேடியத்தின் கேட் அகலமும், தை மாசத்தில் ஒரு பெண்கள் தகுதிச்சுற்றும் வருகிறது. கேட்டை அளக்க அடுத்த ஞாயிறு போகிறோம். வாளையார் அண்ணா, டேப் எங்களிடம் அஞ்சு மீட்டர்தான் இருக்கிறது, உங்களிடம் பெரியது இருந்தால் எடுத்துக்கொண்டு வாங்க, காலை ஏழு மணி, வ.உ.சி. பூங்கா பக்கத்து கேட்.